பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

2023 ஜனவரியில் அமெரிக்காவின் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கொரோனா தொடங்கிய சமயத்தில் வட கரோலினாவின் டேர் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம், வெளியூர்க்காரர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று வழிகளில் காவல் போட்டது. அங்கே கடற்கரை வீடு வாங்கி வைத்திருந்தவர்களின் சொத்தைப் பறித்ததற்கு அது சமமா, அப்படியானால் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தப்படி இழப்பீடு தர வேண்டுமா என்பதுதான் வழக்கு. வீட்டை அரசு எடுத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாளைக்கு வழியைத்தான் அடைத்தது, அதற்கு இழப்பீடு கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. செய்தியைப் படித்ததும் எதிர்வீட்டு அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். அவர் பதில் எழுதவில்லை. சாயங்காலம் நேரில் வந்தார். "சட்டப்படி சரின்னு ஆயிடுச்சு. அப்போ நியாயப்படியும் சரியா? நீ சொல்லு" என்றார். எங்களுக்குள் 2020இல் தொடங்கிய பேச்சு அது. இன்னும் முடியவில்லை. எழுதிப் பார்த்தாலாவது ஒரு இடத்தில் வந்து நிற்குமா என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதே மாநிலத்தின் உள்பகுதியில் கேரி, மோரிஸ்வில் பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு, டேர் கவுண்டியின் கடற்கரையான அவுட்டர் பேங்க்ஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு பெரிய வீட்டை எடுப்போம். குக்கர், இட்லி மாவு, கேரம் போர்டு எல்லாம் வண்டியில் ஏறும். சனிக்கிழமை உள்ளே போனால் அடுத்த சனிக்கிழமை வெளியே வர வேண்டும். அங்கே சீசனில் பெரும்பாலான வீடுகளுக்கு வாரக் கணக்குதான். 2020 ஏப்ரலில் பிள்ளைகளின் வசந்த விடுமுறைக்கு நாங்களும் ஒரு வீடு பிடித்து முன்பணம் கட்டியிருந்தோம். எதிர்வீட்டு அக்காவும் அவர் கணவரும் எங்களைவிட ஒரு படி மேலே போனவர்கள். அதற்குச் சில வருடம் முன்பு அங்கே கில் டெவில் ஹில்ஸ் என்ற ஊரில் ஒரு வீடே வாங்கிவிட்டார்கள். வருடத்தில் பெரும்பகுதி வாடகைக்கு, நடுவில் ஓரிரு வாரம் தங்களுக்கு என்று ஏற்பாடு. மார்ட்கேஜில் பாதிக்கு மேல் அந்த வாடகையில்தான் போகும் என்று அக்கா சொல்வார்.

மார்ச் 16ஆம் தேதி டேர் கவுண்டி அவசரநிலை அறிவித்தது. மறுநாள் மதியத்திலிருந்து சுற்றுலா வருபவர்களுக்கு அனுமதி இல்லை. 20ஆம் தேதியிலிருந்து அங்கே வீடு வைத்திருந்து வெளியூரில் வசிப்பவர்களுக்கும் அனுமதி இல்லை. எங்கள் வாடகை வீடும் அக்காவின் சொந்த வீடும் ஒரே வாரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

அடைத்தது ஏன் சரி

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைத்தது சரி. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அதே நினைப்புதான்.

அந்த நிலத்தை வரைபடத்தில் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கடலுக்கும் உள்கடலுக்கும் நடுவே நூல் மாதிரி நீளும் மணல்திட்டு. பெருநிலத்திலிருந்து சில பாலங்கள், தெற்கே ஹேட்டரஸ் தீவுக்கு இறங்கும் ஒற்றைச் சாலை, ஓக்ராகோக்குப் படகு. வருடம் முழுக்க அங்கேயே வசிப்பவர்கள் 37,000 பேர் அளவில். கோடையின் உச்சத்தில் அங்கே இருப்பவர்களின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டும். சாலை, குடிநீர், சாக்கடை எல்லாம் அந்தக் கூட்டத்தை மனதில் வைத்துத்தான் திட்டமிடப்படுகின்றன. மருத்துவமனைக்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாது. நாக்ஸ் ஹெட்டில் இருக்கும் மருத்துவமனை, 25 படுக்கைக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாத சிற்றூர் மருத்துவமனை வகையைச் சேர்ந்தது. நோயாளிக்குக் கொஞ்சம் மோசமானால் கிரீன்வில்லுக்கோ வர்ஜீனியாவின் நார்ஃபக்குக்கோ கொண்டுபோக வேண்டும். 2020 மார்ச்சில் அந்த ஊர்களின் மருத்துவமனைகளே என்ன வருமோ என்று கலங்கிக்கொண்டிருந்தன.

நாங்கள் எங்கிருந்து போகவிருந்தோம் என்பதும் முக்கியம். வட கரோலினாவின் முதல் தொற்று மார்ச் 3ஆம் தேதி உறுதியானது எங்கள் வேக் கவுண்டியில்தான். பாஸ்டனில் ஒரு மருந்து நிறுவனம் நடத்திய கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள் மூலம் அடுத்தடுத்து வந்தவையும் இங்கேதான். மாநிலத்திலேயே நோய் முதலில் காலூன்றிய இடத்திலிருந்து நாலு குடும்பம், தாத்தா பாட்டியோடு, 25 படுக்கைகூட இல்லாத ஊருக்கு ஒரு வாரம் தங்கப் போகவிருந்தோம். எங்களைப் போல எத்தனை ஆயிரம் பேர்! பள்ளி, அலுவலகம் எல்லாம் மூடியாயிற்று, வீட்டிலிருந்தே வேலை, அதைக் கடலைப் பார்த்துக்கொண்டே செய்யலாமே என்று அந்த வாரத்தில் நினைக்காதவர் குறைவு. நியூயார்க்கிலிருந்து ஹாம்ப்டன்ஸ் கடற்கரைக்கும் கேட்ஸ்கில்ஸ் மலைக்கும் சனம் கிளம்பியதும் இதே நினைப்பில்தான். ஒவ்வொருவரும் தன் குடும்பத்தின் நலத்தைத்தான் பார்த்தார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து போய் இறங்கும் சின்ன ஊருக்காக யோசிக்க அந்த ஊர் நிர்வாகத்தைத் தவிர வேறு ஆளில்லை.

கோத்தகிரியில் இருக்கும் என் பெரியம்மா அந்த மாதங்களில் போனில் சொன்னதும் இதே கதைதான். நீலகிரியில் விடுதிகளை மூடி, வந்திருந்தவர்களை இறங்கச் சொல்லிவிட்டார்கள். ஊட்டியில் அப்போது மருத்துவக் கல்லூரி கிடையாது, அது வந்தது 2022இல். தொற்று வந்தவர்களை ஆரம்பத்தில் கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குத்தான் இறக்கினார்கள். "இங்க ஒருத்தருக்கு மூச்சு முட்டுச்சுன்னா கோயம்புத்தூருக்குத்தான் கண்ணு போகணும். எத்தன வளைவு இருக்கு, நீ பாத்திருக்கல்ல?" என்றார் பெரியம்மா. 2020 செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை என்று தமிழ்நாடு அறிவித்த பிறகும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மலையானாலும் மணல்திட்டானாலும், ஊருக்குள் எத்தனை பேர் தங்க இடமிருக்கிறது என்பதைவிட எத்தனை பேர் நோயில் விழுந்தால் தாங்கும் என்பதுதான் அந்த நேரத்தில் கணக்கு. சமவெளியில் இருப்பவர்களுக்கு அது லேசில் புரிவதில்லை.

டேர் கவுண்டியால் அவ்வளவு வேகமாக அடைக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர்களுக்குப் புயல் பழக்கம். பெரிய புயல் வரும்போதெல்லாம் ஊரைக் காலிசெய்து, பிறகு யார் முதலில் திரும்பி வரலாம், யார் அப்புறம் என்று அடுக்கடுக்காக அனுமதிச் சீட்டு கொடுத்துப் பழகியவர்கள். ஆறு மாதம் முன்பு, 2019 செப்டம்பரில், டோரியன் புயலுக்கும் அதைத்தான் செய்தார்கள். அதே ஏற்பாட்டை அப்படியே எடுத்துக் கொரோனாவுக்குப் போட்டார்கள். இந்தப் பழக்கம் கைகொடுத்தது. சிக்கலும் அதிலிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம். புயல் கரையைக் கடந்து போய்விடும். எப்போது திறக்கலாம் என்பதை வானமே சொல்லிவிடும். இதற்கு அப்படி ஒரு முடிவு கிடையாது, யாராவது உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கசிந்த குழாய்

ஏப்ரலில் ஒரு நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார், குரலே சரியில்லை. அவருடைய கடற்கரை வீட்டின் கீழ்த்தளத்திலிருந்து தண்ணீர் வழிவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் செய்தி அனுப்பியிருக்கிறார். அக்காவும் கணவரும் கிளம்பத் தயார். மூன்றரை மணி நேரப் பயணம். ஆனால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். வீட்டைப் பராமரிக்கும் நிறுவனத்தில் ஆள் இல்லை, பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். கடைசியில், சனிக்கிழமைதோறும் அந்த வீட்டைச் சுத்தம் செய்ய வரும் பெண்ணை அக்கா போனில் பிடித்தார். அவர் கவுண்டியிலேயே வசிப்பவர், அவருக்குத் தடை இல்லை. கதவு எண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே போய், தண்ணீர் வால்வை மூடி, தரையைத் துடைத்து, எல்லா அறையையும் ஒரு சுற்று வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த வீடியோவை அக்கா எனக்கும் அனுப்பினார். நான் பலமுறை பார்த்தேன். பால்கனிக் கதவு வழியாகக் கடல் தெரிகிறது, கரையில் ஆளே இல்லை. சமையலறை மேடையில் அக்கா வாங்கி வைத்த எவர்சில்வர் டப்பாக்கள். கடைசியில் அந்தப் பெண் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, வீடு பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்கிறார். பிறகு ஒரு நொடி தயங்கி, விருந்தாளிகள் எப்போது வருவார்கள், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கிறார்.

அக்கா என்னிடம் கேட்டது வேறு. "அந்த வீட்டுக்குள்ள யார் வேணாலும் போகலாம், நான் மட்டும் போகக் கூடாதா? வரி கட்டுறது நான். வருஷம் தவறாம கட்டுறேன். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, போலீசுக்கு, ஏன், அந்தச் சாவடியில நிக்கிறவனுக்கும் என் வரியிலதான் சம்பளம் போகுது. ஆனா ஓட்டு எனக்கு இங்க. அங்க கவுண்டிய நடத்துற கமிஷனர் யாரு, என்ன முடிவு பண்றாங்கன்னு கேக்க எனக்கு ஒரு வழி இல்ல. அந்த ஊருக்கு நான் யாரு?"

இந்தக் கேள்விதான் என்னை விடாமல் துரத்துகிறது. வாடகைக்குப் போகவிருந்த எங்களை நிறுத்தியதற்கு இதில் பதில் இருக்கிறது. நாங்கள் ஒரு வாரத்து விருந்தாளிகள். வாரம் ஒரு கூட்டம் உள்ளே வந்து, பழைய கூட்டம் வெளியே போய், அதே படுக்கை, அதே கைப்பிடி, அதே மளிகைக் கடை என்று மாறிக்கொண்டே இருப்பது தொற்றுக்கு வழி. அந்தத் தொழிலை நிறுத்த உள்ளூர் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அக்கா வாடகைக்கு விடக் கேட்கவில்லை. ஒருமுறை உள்ளே போய், தன் வீட்டில் தங்கி, இரண்டு வாரம் வெளியே வராமல் இருக்கக்கூடத் தயார் என்றார். அவரை நிறுத்தியதற்கான காரணம் மருத்துவமனைப் படுக்கை என்றால், அது சரியான காரணம்தான். நோய் வந்தால் அவரும் அதே படுக்கைக்குத்தான் வருவார். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் பெரும்பாலும் அவர் ஓட்டுப் போட முடியாத ஒரு தேர்தலில் வென்றவர்கள். அவரிடம் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

அக்கா மட்டும் இப்படி நினைக்கவில்லை. அதே ஏப்ரலில் வேறு மாநிலத்தில் வசிக்கும் சில வீட்டுக்காரர்கள், ஒரு மாநிலத்தின் குடிமக்களுக்கு இருக்கும் உரிமை மற்ற மாநிலத்தவருக்கும் உண்டு என்ற அரசியல் சட்டப் பிரிவைக் காட்டி கவுண்டி மேல் வழக்குப் போட்டார்கள். அது சமரசத்தில் முடிந்தது. கொலராடோவின் கன்னிசன் கவுண்டியிலும் இதே சண்டைதான். அங்கே டெக்சாஸ்காரர்களின் மலைவீடுகள் நிறைய. டெக்சாஸின் தலைமை வழக்கறிஞர் கென் பேக்ஸ்டன், எங்கள் மாநிலத்தவரை அவர்கள் வீட்டிலிருந்தே விரட்டுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கடிதம் எழுதினார். கன்னிசனுக்கு இதில் ஒரு பழைய நினைவு உண்டு. 1918 இன்ஃபுளுவென்சாவின்போது கவுண்டி எல்லைச் சாலைகளில் தடுப்பு போட்டு, ரயிலில் வந்து இறங்கியவர்களைத் தனிமைப்படுத்தி, மாதக் கணக்கில் நோயை வெளியே நிறுத்திவைத்த ஊர் அது. அமெரிக்காவில் அப்படித் தப்பித்த ஊர்கள் மிகச் சில. அந்த ஊர்க்காரர்களிடம் போய்க் கதவை அடைப்பது பயன் தராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1918இல் கன்னிசனில் பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீடுகள் இந்த அளவுக்கு இல்லை. ஊரில் வீடு இருப்பவரும் ஊரில் வசிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவர்கள் வேறு வேறு ஆட்களான பிறகு பழைய வைத்தியம் மட்டும் போதவில்லை.

அக்கா கமிஷனர்களைத் திட்டும்போதெல்லாம் நான் அவரிடம் சொல்வது, வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் மெயின் என்ற மாநிலத்தில் நடந்ததை. வைனல்ஹேவன் என்று ஒரு தீவு. 2020 மார்ச் 27ஆம் தேதி, அங்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தவர்கள் இணையம் போய்விட்டதே என்று பார்க்க வெளியே வந்தார்கள். தெருவை அடைத்து ஒரு மரம் கிடந்தது. அது விழுந்த மரமில்லை, வெட்டி இழுத்துப் போட்டது. துப்பாக்கியோடு சிலர் நின்றிருந்தார்கள். வெளி மாநிலத்துக்காரர்கள் நோயைக் கொண்டுவந்துவிட்டார்கள், வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்பது அவர்கள் முடிவு. அந்த வீட்டில் இருந்தவர்கள் கட்டட வேலைக்கு வந்து ஒரு மாதமாக அங்கேயே தங்கியிருந்தவர்கள். யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. பார்த்தவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் வண்டியின் நம்பர் பிளேட். நடமாடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று ஷெரிஃப் அலுவலகம் அறிக்கை விட வேண்டியிருந்தது.

நம்பர் பிளேட்டைப் பார்த்து ஆளை முடிவு செய்யும் காலத்தில், என்னைப் போன்ற முகம் உள்ளவர்களுக்கு என்ன நடக்கும் என்று நான் யோசிக்காமல் இருக்க முடியாது. அரசாங்கமும் இதற்கு விலக்கில்லை. ரோட் ஐலண்டில் முதலில் நியூயார்க் பிளேட் உள்ள வண்டிகளை மட்டும் நிறுத்தினார்கள், கடற்கரை ஊர்களில் தேசியக் காவல் படையினர் வீடு வீடாகப் போய் நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் எல்லா மாநிலத்தவருக்கும் ஒரே விதி என்று மாற்றினார்கள். அந்த நிலையில், டேர் கவுண்டியின் சாவடியில் சீருடையில் ஒருவர் நின்று, அடையாள அட்டையைப் பார்த்து, வெள்ளைக்காரரோ கறுப்பரோ நம்மவரோ யாரானாலும் ஒரே கேள்வி கேட்டு, ஒரே பதில் சொல்லித் திருப்பி அனுப்புவது எவ்வளவோ மேல். எழுதிப் போட்ட ஆணையை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம், சிலர் போனார்கள். தெருவில் கிடக்கும் மரத்தை எதிர்த்து எங்கே போவது?

இழப்பு யார் தலையில்

அடைத்தது சரி என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வருகிறது. அந்த வாரங்களின் பணம் யாருடையது?

எங்கள் முன்பணத்தைக் கேட்டபோது வாடகை நிறுவனம், அடுத்த வருடத்துக்கு வரவு வைத்துக்கொள்கிறோம் என்றது. திருப்பித் தர முடியாது என்றார்கள். சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். வட கரோலினாவில் விடுமுறை வாடகைக்கென்றே 1999இல் இயற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. கட்டாயமாக ஊரைக் காலிசெய்யச் சொல்லும் ஆணை வந்தால், தங்க முடியாமல் போன இரவுகளுக்கு வாடகையைத் திருப்பித் தர வேண்டும். முன்கூட்டியே காப்பீடு எடுக்கச் சொல்லி வாடகைதாரர் மறுத்திருந்தால் வேண்டாம். வாசித்தாலே தெரியும், இது புயலுக்காக எழுதியது. உள்ளே இருப்பவரை வெளியேற்றுவதற்கு விதி இருக்கிறது. வெளியே இருப்பவரை உள்ளே விடாமல் இருப்பதும் அதற்குள் அடங்குமா? நிறுவனம் அடங்காது என்றது, நாங்கள் அடங்கும் என்றோம். வீட்டைக் கொடுக்க முடியாவிட்டால் பணத்தைத் திருப்பு என்று அதே சட்டத்தில் வேறொரு பிரிவும் உண்டு. ஆனால் வீடு நன்றாகத்தான் இருக்கிறது, சாலைதான் இல்லை என்று அதற்கும் பதில் வந்தது. கடைசியில் இலையுதிர் காலத்துக்குத் தேதி மாற்றிக்கொண்டு விட்டுவிட்டோம். எல்லோரிடமும் அதற்கு வசதி இருக்காது.

வீடுகளை வாடகைக்குப் பிடிக்க உதவும் செயலியான ஏர்பிஎன்பி எதிர்த்திசையில் போனது. மார்ச் 14 அன்றோ அதற்கு முன்போ செய்த முன்பதிவுகளை முழுப் பணத்தோடு ரத்து செய்ய வாடகைதாரர்களை அனுமதித்தது. வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயே என்றார்கள். அந்த மாதக் கடைசியில் நிறுவனத் தலைவர் பிரையன் செஸ்கி மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்காரர்களுக்காக 25 கோடி டாலர் ஒதுக்கினார். தங்கள் ரத்து விதிப்படி கிடைக்க வேண்டியதில் நாலில் ஒரு பங்கு அவர்களுக்கு. ஆணை போட்டது அரசாங்கம். அதன் செலவை யார் தாங்குவது என்று முடிவு செய்தது, ஒரு இடத்தில் வாடகை நிறுவனம், இன்னொரு இடத்தில் ஒரு செயலி. ஃப்ளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் மார்ச் 27ஆம் தேதி மாநிலம் முழுக்க விடுமுறை வாடகையை நிறுத்தினார். ஆனால் ஓட்டல்களுக்கு அந்த ஆணை பொருந்தாது. பத்துப் பேர் ஒரே லிஃப்டில் ஏறும் ஓட்டல் நடக்கலாம், தனிவாசல் உள்ள வீடு கூடாது. நோயை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கோடு எனக்கு விளங்கவில்லை.

அக்காவின் கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மே 4இலிருந்து வெளியூர் வீட்டுக்காரர்களை அனுமதித்தார்கள். அவர்களுக்கு மொத்தம் 45 நாள் அடைப்பு. மே 16இல் எல்லோருக்கும் திறந்தார்கள். அதற்குப் பிறகு அவுட்டர் பேங்க்ஸுக்குக் கூட்டம் அலைமோதியது. விமானம் ஏற முடியாதவர்கள், வெளிநாடு போக முடியாதவர்கள் எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார்கள். பள்ளி ஆன்லைனில் என்பதால் இலையுதிர் காலத்திலும் வீடு காலியில்லை. அக்கா அந்த இரண்டு மாத வாடகையை அந்த வருடத்திலேயே எடுத்துவிட்டார், அதற்கு மேலும் எடுத்தார். அவர் மனதில் நின்றது பணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பணத்தை இழந்து திரும்பப் பெறாதவர் ஒருவர் உண்டு. வால்வை மூடிய அந்தப் பெண். சீசன் தொடக்கத்தில் சனிக்கிழமைக்கு மூன்று நாலு வீடு அவருக்கு. வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. சம்பளக்காரர் இல்லை, விடுப்பு இல்லை. மார்ச் 27இல் கையெழுத்தான கொரோனா நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டம், இப்படித் தனியாக வேலை செய்பவர்களுக்கும் வேலையிழப்பு உதவியை நீட்டித்தது, வாரம் 600 டாலர் கூடுதலாகவும் கொடுத்தது. நல்ல சட்டம். ஆனால் வட கரோலினாவில் அந்த விண்ணப்பம் திறக்கவே ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. சரியான குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு அதுவும் கிடையாது. கடற்கரை வீடுகளைத் துடைக்கும் கைகளில் எத்தனை அந்த வகை என்று அங்கே போய்வந்த எல்லோருக்கும் தெரியும். கோடையில் கூட்டம் வந்ததும் அவருக்கு வேலை கிடைத்தது உண்மைதான். ஆனால் ஒரு சனிக்கிழமைக்கு ஒரு ஆள் இத்தனை வீடுதான் துடைக்க முடியும். அக்காவால் வாடகையை ஏற்ற முடிந்தது, அவரால் சனிக்கிழமையை நீட்ட முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து நாங்கள் அக்காவின் வீட்டில் தங்கியபோது அவரைப் பார்த்தேன். பாலத்தை அடைத்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். நிம்மதியாக இருந்தது என்றார். அவருடைய அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இருவரும் ஒரே சின்ன டிரெய்லர் வீட்டில் வசிப்பவர்கள், எங்கிருந்தோ வந்தவர்கள் படுத்த விரிப்பை அந்த வாரங்களில் கையில் எடுக்க வேண்டாம் என்பதே பெரிதாக இருந்தது என்றார். பயம் ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம், எது பெரிது என்று நாளுக்கொரு மாதிரி தோன்றும் என்றும் சொன்னார். அந்த ஆணையால் மிக அதிகம் காப்பாற்றப்பட்டவரும் மிக அதிகம் இழந்தவரும் ஒரே ஆளாக என் முன்னால் நின்று துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆணையில் இருக்க வேண்டியது

நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்விதான்: இது சொத்தைப் பறித்ததா? இல்லை என்ற பதில் சரி. அரசு அந்த வீட்டில் யாரையும் குடிவைக்கவில்லை, வீட்டின் மதிப்பு அழியவில்லை, தடை கொஞ்ச நாளில் நீங்கியது. இப்படி ஒவ்வொரு அடைப்புக்கும் இழப்பீடு என்று தீர்ப்பு வந்திருந்தால், அடுத்த தொற்றில் எந்தச் சிறு கவுண்டியும் கதவை அடைக்கத் துணியாது. அதனால் அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். ஆனால் அரசியல் சட்டப்படி இழப்பீடு தரத் தேவையில்லை என்பதற்காக, யாருக்கும் எதுவும் தர வேண்டாம் என்று கமிஷனர்கள் உட்கார்ந்துவிடக் கூடாது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆணையிலேயே காரணம் எழுதியிருக்க வேண்டும், மருத்துவமனையின் நிலை என்ன, எது மாறினால் திறப்போம் என்று. எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்போம் என்றும் இருக்க வேண்டும். வாடகைக்கு வருபவரும் வீட்டுக்காரரும் ஒரே வகை இல்லை. வீட்டுக்காரர் ஒருமுறை வந்து தங்கிவிட ஒரு அவகாசம், குழாய் உடைந்தால் ஒரு நாள் அனுமதி என்று முன்பே எழுதிவைக்கலாம், புயலுக்கு அடுக்கடுக்காகச் சீட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. ஓட்டு இல்லாத வரிகட்டிகளுக்குக் குறைந்தபட்சம் கூட்டத்தில் பேச ஒரு இடம் வேண்டும். மாநிலச் சட்டமன்றம், ஊருக்குள் விடாத நாளும் ஊரைவிட்டு அனுப்பிய நாளும் ஒன்றுதான், பணத்தைத் திருப்பு என்று அந்தப் பழைய சட்டத்தில் தெளிவாகச் சேர்க்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு வாடகை இரவிலும் கவுண்டி தங்கல் வரி வசூலிக்கிறது. நல்ல வருடங்களில் அதிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்துவைத்து, அடைக்கும் வாரங்களில் துப்புரவுப் பணியாளர்களுக்கு, ஆவணம் கேட்காமல், நேரடியாகக் கொடுக்க வேண்டும். முதல் பணம் அவர்களுக்கு, பிறகு வாடகைதாரர்களுக்கு, வீட்டுக்காரர்களுக்குக் கடைசியில். இந்த வரிசையை அக்காவிடமே சொன்னேன்.

அவர் இரண்டை ஒப்புக்கொண்டார், துப்புரவுப் பணியாளருக்கு முதலில் என்பதையும், திறக்கும் நிபந்தனையை எழுத வேண்டும் என்பதையும். வீட்டுக்காரருக்குக் கடைசியில் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. மார்ட்கேஜ் கட்டத் திணறிய, வீட்டையே விற்ற வேறு ஆட்களை அவருக்குத் தெரியும் என்றார். அவர்கள் எல்லோரும் தன்னைப் போலக் கோடையில் ஈடுகட்டியவர்கள் இல்லை என்றார். அதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. துப்புரவுப் பணியாளர் நிதி பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து கவுண்டி கமிஷனர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஓட்டு இல்லாதவர்களின் கடிதம்தான், ஆனாலும் அதில் ஒருவர் அந்த ஊருக்கு வரி கட்டுகிறவர்.